மூன்றாவது சிலிண்டர்

ரொட்டி வேன் கயிற்றில் இழுபட்டு வந்து பட்டறை வாசலில் நின்றபோது, மெக்கானிக் தன் பெண்டாட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். அவள் வேனைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். அந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. நான் பக்கத்தில் லேத் போட்டிருப்பவன். பட்டறைக்கும் என் லேத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருந்தது. போன மழையில் கூரை ஒழுகியபோது அதையும் கழற்றி மேலே போட்டுவிட்டோம். அதனால் அவர்கள் வீட்டுச் சண்டைக்கெல்லாம் எனக்கு முன்வரிசைதான்.

வேன் அவளுடைய அண்ணனுடையது. பேக்கரி நடத்துகிறவர். போன வாரம் எஞ்சின் உதறுகிறது என்று டிரைவர் அதைக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். அவள்தான் முதலில் பானெட்டைத் திறந்தாள். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, நான்கைப் பிடுங்கியபோது எஞ்சின் திணறியது. மூன்றைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிளக் நன்றாக இருந்தது, பொறியும் வந்தது. மேலே இருந்து ஒரு டிக் டிக் சத்தம். வால்வு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, மூடியைக் கழற்றுங்கள் என்றாள். ஸ்பிரிங் உடைந்த வண்டி இவ்வளவு தூரம் தானாக ஓடி வருமா என்று அவன் சிரித்தான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். வால்வைத் தட்டுகிற டேப்பட்டின் இடைவெளியை மட்டும் சரிசெய்தான். சத்தம் கொஞ்சம் அடங்கியது, அனுப்பிவிட்டான். இப்போது முயல் கயிற்றில் வந்து நிற்கிறது.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் இது ஒரு ராத்திரிச் சண்டையோடு போயிருக்கும். ஆனால் மச்சானுக்கு இவன்மேல் என்றைக்கும் மரியாதை கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்தபோதே, கரி அப்பின கையிலா என் தங்கச்சியைக் கொடுப்பது என்று கேட்டவர். இப்போது தங்கச்சி கையிலும் அதே கரி. அதற்கும் இவனைத்தான் திட்டுகிறார். அவள் அன்றைக்கே சொன்னாள், இவன் கேட்கவில்லை என்று தெரிந்தால் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி. பத்து வருஷத்துக்கு மெல்லுவார். அவள் எங்கே சொல்லிவிடுவாளோ என்று இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுடைய கோபம் அது இல்லை. என்னிடம் வந்து வெளிப்படையாகவே சொன்னாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே. 'நீ சொன்னது சரி'ன்னு ஒரு வார்த்தை. அத அவரு வாயால சொல்லட்டும், அப்புறம் பேசுறேன்."

நான் போய்ச் சொன்னேன். போய் என்ன போய், அவன் மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தான், எல்லாம் காதில் விழுந்திருந்தது. முதலில் எஞ்சின் மேல்பாகத்தை, ஹெட்டைக் கழற்றலாம் என்று சொல்லச் சொன்னான். அதையும் சொன்னேன். இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளத்துக்காவது அடிக்கிறவன் சோறு போடுவான்.

மறுநாள் ஹெட் கழன்றது. ஸ்பிரிங் நடுவில் உடைந்து, இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு கிடந்தது. அதனால்தான் உடைந்த பிறகும் வண்டி நொண்டி நொண்டி ஓடியிருக்கிறது. கடைசியில் பிடிமானம் தளர்ந்து, வால்வு அப்படியே சிலிண்டருக்குள் விழ, மேலே வந்த பிஸ்டன் அதைப் போட்டு அடித்திருக்கிறது. வால்வு கோணிக்கொண்டு நின்றது. பிஸ்டன் தலையில் பிறை மாதிரி ஒரு பள்ளம். மட்டமான ஸ்பிரிங், நேற்று ரோட்டில் உடைந்திருக்கும் என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். அவள் இரண்டு துண்டையும் திருகிப் பிரித்து, உடைந்த முனைகளை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். ஒன்றோடொன்று உரசி அவை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. நேற்று உடைந்தது ஒரு நாளில் இப்படித் தேயாது. நான் அதை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

வேலையில் மட்டும் அவர்களுக்குள் சண்டை கிடையாது, அதுதான் எனக்கு எரிச்சல். மற்ற ஸ்பிரிங்குகளை அவள் ஒரு கண்ணாடிப் பலகையில் வரிசையாக நிறுத்தினாள். அவன் எதுவும் கேட்காமல் மேலே இரும்பு ஸ்கேலை வைத்தான். ஒன்றின் தலைக்கும் ஸ்கேலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதுவும் தளர்ந்து குட்டையாகியிருந்தது, அடுத்து அதுதான் போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றுவது என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னிடம் சொன்னார்கள். இரண்டு நாளில் புது பிஸ்டன் வந்தது, புது வால்வு வந்தது. அது ஏறி இறங்குவதற்குக் கைடு குழாயை லேத்தில் கடைந்து கொடுத்தேன்.

பிறகு வந்தது, ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் லாக்கை மாட்டுகிற வேலை. ஒருவர் கவ்வியால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பல் அளவுள்ள இரண்டு லாக்கை வால்வுத் தண்டின் பள்ளத்தில் கிரீஸ் தடவி உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்த நொடியில் கவ்வியைத் தளர்த்த வேண்டும். அமுக்குவது அவன். மாட்டுவது அவள், அவளுக்குத்தான் விரல் ஒல்லி. விடச் சொல்லுங்கண்ணே என்றாள். விடச் சொல்றாப்பா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் விரல் வழுக்கி, லாக் பறந்து என் டீ கிளாஸில் விழுந்தது. இரண்டாவது தடவை அவன், சொல்லாமலே விடுகிறேன் பேர்வழி என்று முந்திக்கொண்டான். அது பறந்து லேத்துக்குக் கீழே போய்விட்டது. காந்தத்தைக் கட்டித் துழாவினேன். ஒரு வருஷத்து இரும்புச் சீவல் முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது, லாக்கைத் தவிர. இனி உங்கள் இரண்டு பேருக்கும் வாய் வாடகைக்கு விடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் வேறொரு லாக்கை எடுத்துக் கிரீஸ் தடவினாள், அவன் மறுபடி அமுக்கினான். அப்புறம் அவள் குரல் கேட்டது.

"விடுங்க."

விட்டான். லாக் நின்றது. அடுத்த வால்வுக்கு அமுக்குங்க என்றாள், விடுங்க என்றாள். அன்று மத்தியானம் முழுக்க இந்த இரண்டு வார்த்தைதான் அவர்கள் குடும்பம் நடத்தியது. சமாதானம்தான் என்று நினைத்தேன். கடைசி வால்வு முடிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, முடிஞ்சுதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கண்ணே என்றாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வந்த வேகத்தில் மேஜைமேல் கிடந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"போன வாரம்தானே மாப்ள பாத்து அனுப்புனீங்க? அப்ப இது தெரியலையா?"

நான் அவள் வாயைப் பார்த்தேன். அவளும் வாயைத் திறந்தாள்.

"சில சமயம் வெளிய தெரியாதுண்ணா."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. விழுந்தவன் மீசையில் ஒட்டின மண்ணை அவளே தட்டிவிட்டாள். அத்தோடு அவன் சும்மா இருந்திருக்கலாம்.

"தெரிஞ்சுது மச்சான்," என்றான் அவன். "இவ சொன்னா. மூணாவது சிலிண்டர்னு கூட சொன்னா. நான்தான் காதுல வாங்கல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன், அண்ணன் ஆரம்பிக்கப் போகிறார் என்று. ஆரம்பித்தது அவள்.

"இத எங்கிட்ட சொல்ல இத்தனை நாளா வாய் வரல. அண்ணன்கிட்ட சொல்ல மட்டும் வருதா?"

"அவரை ஏம்மா திட்டுற? ஒத்துக்கிட்டாருல்ல," என்றார் அண்ணன். சொன்ன பிறகுதான் யாருக்குப் பரிந்து பேசிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது போல. கையிலிருந்த ஸ்பிரிங்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவன் வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. எந்த வண்டியும் வெளியே போகுமுன் நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சின்மேல் வைத்து, பிடியில் காதைக் கொடுத்துக் கேட்பது அவன் வேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டான். இறங்கி வந்தவன் அதை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நீ கேட்டுச் சொல்லு. நீ சொன்னா சரிதான்."

அவள் வெடுக்கென்று வாங்கினாள். குனிந்து, முதல் சிலிண்டர்மேல் வைத்துக் கேட்டாள். இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, லேத்தருகில் நின்ற எனக்கே அது கேட்டது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், கேட்கத் தைரியம் இல்லாமல் என்னைப் பார்த்தார். மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்து நின்றான், துடைக்க அந்தக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் கண்ணை மூடி, ஸ்க்ரூடிரைவரில் காதை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.