நாலு படி இறக்கிய குரல்

குரலை மாற்றுவது என் தொழில். அதில் நான் புலி என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவள். அந்தப் புலியின் லட்சணம் ஒரு காலை பத்தரை மணிக்கு, என் சமையலறையிலேயே, என் கணவர் கையால் சந்தி சிரித்தது.

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அன்று லீவு. லீவு நாளில் அவருக்குக் கை சும்மா இருக்காது. முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் வெளியிட்ட எங்கள் படத்தின் ட்ரெய்லரைப் போனில் ஓடவிட்டு, ஏதோ ஓர் இலவச ஆப்பில் விரலை மேலே தள்ளினார்.

"நீ சுருதிய நாலு படி இறக்கியிருக்கே. நாலு படி ஏத்தினா முடிஞ்சு போச்சு. இதுக்குத்தான் பதினோரு நாள் வீட்டுக்கே வராம வேலை பாத்தியா?"

போனிலிருந்து, எங்கள் படத்தில் முகம் காட்டாமல் பேசியிருந்த தையல்காரம்மா பேசினார். அச்சு அசலாக அவருடைய குரல். கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

படம் பெண்களின் ஆசையைப் பற்றியது. வெட்கப்படாமல், ஒளிக்காமல், பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசுகிற படம். எடுப்பது மூன்றே பேர். டைரக்டரை நாங்கள் தலைவி என்போம். கேமரா பிடிப்பவள் ஆறடி உயரம், ஆகவே ஒட்டகம். ஒலி முழுக்க என் பொறுப்பு, ஆகவே நான் காது. தையல்காரம்மா பேசும்போது திரையில் முகம் கிடையாது, கைகூடக் கிடையாது. ஜன்னல் திரைச்சீலை மட்டும் காற்றில் ஆடும். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "எங்க வீட்டுல தெரிஞ்சா பொண்ண எங்கிட்டருந்து பிரிச்சிடுவாங்கம்மா. எனக்கு அவள விட்டா யாரும் இல்ல." அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் சொன்னேன். "உங்க கொழுந்தன் காதுல விழுந்தாக்கூட நீங்கன்னு தெரியாதுக்கா."

குரலைத் திருப்ப முடியாதபடி சிதைப்பது எனக்குத் தெரியாததா? தெரியும். செய்தும் பார்த்தேன். ஆனால் அவர் பேச்சின் கடைசியில் ஒரு சிரிப்பு வருகிறது. சிதைத்தால் அந்தச் சிரிப்பு செத்துப்போகிறது. மனசு வரவில்லை. வெறுமனே நாலு படி இறக்கிவிட்டு, சிரிப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதே போன் அடித்தது. தையல்காரம்மா. பின்னால் மிஷின் கடகடவென்று ஓடியது. பேச்சு வெளியே கேட்காமலிருக்க வெறும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கீழ கடையில என் கொழுந்தனுக்கு யாரோ உங்க படத்தோட லிங்க்க அனுப்பியிருக்காங்க. அண்ணி மாதிரியே இழுத்து இழுத்துப் பேசறாளேன்னு சிரிக்கிறான். ஒன்றரை மணிக்கு மேல சாப்பிட வர்றப்ப குரல திருப்பி எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டறானாம். அவன் மொபைல் ரிப்பேர் பண்றவன்மா. அவனால முடியுமா?"

முடியாது என்று சொல்ல வாய் வந்தது. என் வீட்டுக்காரராலேயே முடிந்ததே! "நான் பாத்துக்கறேன்க்கா. அவன் போட்டுக் காட்டினதும் போன் பண்ணுங்க, துணி வாங்க வர்றவகிட்டப் பேசற மாதிரி" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் எடிட்டிங் அறை ஒரு பிரிண்டிங் கடைக்கு மேலே இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் தலைவியின் முகம் வெளுத்தது.

"இப்பவே தூக்கிடலாம்," என்றாள் ஒட்டகம்.

"தூக்கினா அதுவே சாட்சி ஆயிடும்," என்றாள் தலைவி. "ஏன் எடுத்தாங்கன்னு தோண்டுவான்."

நல்லவேளை, ட்ரெய்லர் இருந்தது எங்கள் சொந்தத் தளத்தில் மட்டும்தான். யாரும் இறக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. அதே இடத்தில் வேறு குரல் பதிந்த கோப்பை வைத்தால், கொழுந்தன் மறுபடி திறக்கும்போது அதுதான் ஓடும். அவன் கட்டாயம் நாலு படி ஏற்றப்போகிறான். ஏற்றட்டும். ஏற்றினால் வேறொரு பெண்ணின் குரல் வர வேண்டும்.

"நான் பேசறேன்," என்றாள் தலைவி.

"கேள்வி கேக்கறதே நீதான. நீயே கேட்டு நீயே பதில் சொல்லுவியா?" என்றேன்.

ஒட்டகத்துக்குப் பேச்சு திக்கும். ஆக, மிச்சம் நான். பதினோரு நாள் கேட்டுக் கேட்டு, அவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே எச்சில் விழுங்குவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

மைக் முன் உட்கார்ந்து அவர் வார்த்தைகளையே பேசினேன். மணி பன்னிரண்டு ஐந்து.

"கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். உனக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு நாள்கூட யாரும் கேக்கல. நானும் என்னையே கேட்டுக்கல. அப்புறம் ஒரு மத்தியானம், வீட்டுல யாரும் இல்ல. என் உடம்புக்கு என்ன புடிக்கும்னு நானே தெரிஞ்சுக்கிட்டேன். முப்பத்தெட்டு வயசுல! சிரிப்பு வந்துடுச்சு."

வார்த்தைகள் வந்தன. சிரிப்பு வரவில்லை. பயத்தில் இருமலைப் போல ஏதோ வந்தது. ஏழு தடவை எடுத்தோம். "பேய் அறைஞ்சவ மாதிரி சிரிக்கற," என்றாள் தலைவி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

எட்டாவது தடவை அந்த வரிகளைச் சொல்லும்போது எனக்கு உறைத்தது. முதல் மூன்று வரிகளில் எனக்குப் பொருந்தாத ஒரு சொல் இல்லை. வருஷக் கணக்கு மட்டும்தான் வேறு. நாலு மாதமாக இந்தப் படத்தில் வேலை செய்கிறேன், ஊரிலிருக்கிற பெண்களின் பேச்சையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன், என்னை நான் ஒரு தடவை கேட்டதில்லை. அட மக்குப் பிளாஸ்திரி என்று நினைத்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டகம் கட்டை விரலைத் தூக்கினாள்.

ஒன்று இருபதுக்கு, நாலு படி இறக்கிய என் குரலோடு புதுக் கோப்பு ஏறியது. நாங்களே திறந்து நாலு படி ஏற்றிப் பார்த்தோம். நான்தான் பேசினேன்.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் மூன்று பேரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிடவில்லை. பழைய கோப்பே அவன் போனில் தங்கியிருந்தால்? அவன் காலையிலேயே திருப்பிக் கேட்டிருந்தால்? "வாய மூடு," என்றாள் தலைவி. நான் வாயைத் திறக்கவேயில்லை. அவளுக்கே அவள் சொல்லிக்கொண்டாள் போலிருக்கிறது.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. பின்னால் பாத்திரச் சத்தம், ஆண்கள் சிரிக்கிற சத்தம்.

"அம்மா, உங்க துணி அளவு சரியா இருக்கு," என்றார் தையல்காரம்மா, கணீரென்று. "இங்க ஒரே கூத்து. யாரோ ஒரு பொம்பள பேசினதப் போட்டு என் கொழுந்தன் அசடு வழிஞ்சுகிட்டு நிக்கிறான்."

தலைவி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒட்டகம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"என் மாமியார்கூட சொல்றாங்க," என்று அவர் தொடர்ந்தார், கொஞ்சம் குரலை இறக்கி. "யாரோ பாவம், அவ வீட்டுல கேட்டா அவ கதி என்னவோன்னு. ஏம்மா, அது யாரு?"

"எனக்குத் தெரிஞ்சவங்கதான்க்கா," என்றேன். அப்போதுதான் எனக்குச் சமையலறையில் அந்த ஆப்போடு நிற்கிற மனிதரின் நினைவு வந்தது.

வீடு போய்ச் சேர ஐந்தரை ஆனது. படியேறும்போதே கேட்டது. என் குரல். ஓடி முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடியது. உள்ளே போகாமல் திரும்பிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"காலைல வேற யாரோ பேசினாங்க," என்றார்.

"அத மறந்துடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஒரு பொண்ணோட அம்மா அவங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"மறந்தாச்சு," என்றார் உடனே. அவர் வாக்கு கொடுத்தால் காப்பாற்றுவார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. "இது வேலைக்காக நீ பேசினது. அப்படித்தான?"

"அவங்க சொன்ன வார்த்தை. ஒரு எழுத்து மாத்தல."

"வார்த்தைய நான் கேக்கல." கடைசி ஐந்து நொடியை மட்டும் ஓடவிட்டார். சிரிப்பு. இன்னொரு தடவை ஓடவிட்டார். "பதினாறு வருஷமா உன்கூட இருக்கேன். இந்தச் சிரிப்ப நான் கேட்டதே இல்லையே. இதுவும் அவங்களோடதுதானா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. அவரே பாதி பதிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். காலையிலிருந்து இன்னொருத்திக்காகப் பயந்தவள் இப்போது எனக்காகப் பயந்தேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல," என்றேன். "அது என்னோடது."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.