ஒரு விசில், இரண்டு விசில்

அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகிறது. அது அவருக்கு மட்டும் ஞாபகமில்லை. தினமும் காலை ஏழு மணிக்குக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"டியூட்டிக்கு."

"நீங்க ரிட்டயராகி பன்னெண்டு வருஷம் ஆச்சுப்பா!"

எதிர்த்துப் பேசாதீர்கள் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். நான் கேட்டால்தானே? கோபம் எனக்கு மூக்குக்கு மேல். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் முகம் தொங்கிப்போகும். "என்கிட்ட யாரும் சொல்லலியே" என்பார். மறுநாள் காலை மறுபடியும் செருப்பு.

போன வாரம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். தெருத்தெருவாக அலைந்துவிட்டு வந்தால், டிப்போ வாட்ச்மேன் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவருகிறார். அந்த வாட்ச்மேனுக்கு 'மீசை' என்றுதான் பெயர்.

"ரிப்பேருக்கு நிக்கிற பஸ்ல டிரைவர் சீட்ல உக்காந்திருந்தாரும்மா. ஒரு மணி நேரமா! ஸ்டியரிங்கக்கூட தொடல. ஏண்ணே கிளம்பலயான்னு கேட்டா, கண்டக்டர் இன்னும் விசில் குடுக்கலைங்கிறாரு."

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

சாயங்காலம் அண்ணன் கைக்கு அடங்காத பூட்டு ஒன்றோடு வந்தான். "கதவைப் பூட்டி வை. முடியலைன்னா ஹோம்ல சேர்த்துடலாம். இன்னொரு தடவை தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்ட எனக்குக் கை வராது. "ஒரு வாரம் பொறு" என்றேன்.

விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு விசில் வாங்கினேன். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். மறுநாள் அப்பா கதவருகே போனதும் ஒன்று அடித்தேன். சட்டென்று நின்றார்.

"என்ன, ஆள் ஏறுதா?"

"கைக்குழந்தையோட ஒரு அம்மா ஏறுறாங்க. நேரமாகும். அதுக்குள்ள சாப்பிட்டுடுங்க."

உட்கார்ந்து சாப்பிட்டார். முரண்டு பிடிக்காமல் மாத்திரையையும் விழுங்கினார். அப்புறம் இரண்டு விசில் கொடுத்தேன். இருவரும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஏழாம் நாள் அண்ணனும் வந்தான். பயணியைப்போல எங்கள் பின்னால் நடந்தான். பூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முனை திரும்பும்போது அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "நீ புது கண்டக்டரா?"

"ஆமாங்க."

"முன்னாடி ஒருத்தி இருந்தா. நல்ல பொண்ணுதான். ஆனா தினம் காலையில என் வேலை போச்சுன்னு சொல்லுவா."

"அவ இனிமே வரமாட்டா" என்றேன்.