மோவாய் இடித்தால் உதிரும் பூச்சிகள்

அண்ணி மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டதும் புதினாத் தொட்டியில் இருந்த அசுவினிப் பூச்சிகள் அத்தனையும் செத்து உதிர்ந்தன. அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். அதனால் மூன்றாம் மாடியின் அந்த வீட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுத்து, தண்ணீர் லாரி வந்ததா என்று மட்டும் கேட்டார்.

பால்கனி, அண்ணனின் தங்கையுடையது. அப்படி யாரும் சொன்னதில்லை. வேறு யாருக்கும் வேண்டாமல் கிடந்ததால் அவளுக்கு வாய்த்தது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அவள் படுப்பது கூடத்து சோபாவில்; துணி வைப்பது அண்ணியின் அலமாரியில், கீழ்த்தட்டில். புதினா, கொத்தமல்லி, கற்பூரவல்லித் தொட்டிகள் இருந்த அந்த ஓரத்தில்தான் யாரையும் கேட்காமல் போய் நிற்க முடியும். இப்போது அண்ணிக்கு அங்கே வாஷிங் மெஷின் வைக்க வேண்டும். "பூச்சி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா தொட்டி எல்லாம் தெருவுக்குப் போகும், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினார். அவருடைய தலை கழுத்தின்மேல் வைக்கப்பட்டிருந்ததே அதற்காகத்தான்.

பேச்சு பூச்சிகளின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அந்த வாரமே வந்து இறங்கின. கட்டடத்தில் ஒரு செடிகூட வளர்க்காதவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள், அவளும் ஒன்று விடாமல் செய்தாள். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தாள். பூண்டையும் பச்சை மிளகாயையும் அரைத்து ஊறவைத்துத் தெளித்தாள். அசுவினிகள் காரத்துக்குப் பழகிக்கொண்டன. நத்தைக்கு முட்டை ஓட்டை நொறுக்கிப் பரப்பினாள். நத்தைகள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தன. விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்ட மஞ்சள் அட்டையில் ஒட்டிக்கொண்டது அண்ணனின் செய்தித்தாள் மட்டும்தான்.

அப்போதுதான் அண்ணி, பட்டாம்பூச்சி அச்சிட்ட நைட்டியில் பால்கனிப் பக்கம் வந்தாள். "மேடம் தோட்டம் போட்டிருக்காங்களா? வனத்துறைக்குத் தகவல் சொல்லு, வந்து வேலி போடட்டும்" என்று சொல்லி மோவாயை இடித்தாள். மிளகுத்தூள் கொட்டியதுபோலப் பூச்சிகள் விழுந்தன.

வேப்பெண்ணெய்தான் தாமதமாக வேலை செய்கிறது என்று தங்கை முதலில் நினைத்தாள். தன்மேல் நம்பிக்கை இல்லாதவள் ஆகையால் சோதித்துப் பார்த்தாள். எண்ணெயை நிறுத்திவிட்டு அண்ணியைக் கொத்தமல்லிப் பக்கம் வரவழைத்தாள். "அண்ணி, செடிக்குப் பாட்டு பாடினா நல்லா வளருமாமே?"

"பாடேன். உன் குரலுக்குப் பூச்சியோட செடியும் சேர்ந்து செத்துப்போகும்."

மோவாய் இடித்தது, கொத்தமல்லி சுத்தமானது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஓர் அசட்டுக் கேள்வியைத் தயார் செய்துகொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கிடைத்த இளக்காரத்தைச் செடிகளுக்கு வாங்கிக் கொடுத்தாள். இரண்டு கோடைகள் இப்படிப் போயின. புதினா வாசம் மாடிப்படி முழுவதும் இறங்கியது. கற்பூரவல்லி இலை அண்ணனின் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. இதில் தனக்கு வந்து சேர்ந்த பங்கு உடம்பில் எங்கே தங்குகிறது என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

கெடுத்தது மேல்வீட்டுக்காரி. படியில் அண்ணியை மறித்து, "கொஞ்சம் எங்க வீட்டுக்கு வந்து ரோஜாவைக் கேவலமாப் பாத்துட்டுப் போங்களேன். உங்க நாத்தனார் அப்படித்தானே செடி வளக்கறா, ஊருக்கே தெரியுமே" என்றாள்.

அண்ணி வீட்டுக்கு வந்து கத்தவில்லை. நேராகப் பால்கனிக்குப் போய் நின்றாள். "எவ்வளவு அழகா வளத்திருக்கே கண்ணு" என்றாள்.

'கண்ணு' என்ற சொல் முடிவதற்குள் முதல் அசுவினி வந்து உட்கார்ந்தது. 'செல்லம்' என்றபோது தண்டு தெரியவில்லை. மாட்டை ஓட்டுவதுபோல எறும்புகள் அசுவினிகளை ஓட்டிக்கொண்டு வந்தன. நத்தைகள் மூன்று மாடியையும் படி வழியாகவே ஏறின. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தங்கை எவ்வளவோ அசட்டுக் கேள்விகள் கேட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அண்ணி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். எறும்பு வரிசை சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தொட்ட அன்று, "பாவங்க, ஆசையா வளத்தா. ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே" என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் தலையை ஆட்டினார்.

வாஷிங் மெஷின் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தூக்கி வந்த இருவரும் அதை வாசலில் இறக்கிவிட்டு, எங்கே வைக்க வேண்டும் என்று மூச்சு வாங்கக் கேட்டார்கள். அண்ணி, தங்கையின் கன்னத்தை வழித்து, "நீ வருத்தப்படாதே தங்கம். உனக்கு ஒரு பிளாஸ்டிக் செடி வாங்கித் தரேன்" என்றாள்.

தங்கை அவளைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். செய்தித்தாளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்த அண்ணனைப் பார்த்தாள். இரண்டு கோடையாகச் சேர்ந்திருந்தது அவளைக் கேட்காமலேயே கழுத்து வரை ஏறி, மோவாயைத் திருப்பி, தோளில் இடித்தது. "ம்க்கும்" என்ற சத்தம் தெருவரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அசுவினிகள் கொட்டின. எறும்புகள் சர்க்கரையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பின. நத்தைகள் வரிசையாகப் படியிறங்கின. அண்ணியின் நைட்டியில் இருந்த பட்டாம்பூச்சிகளும், அவையும் பூச்சிதானே, ஒன்று பாக்கியில்லாமல் தரையில் உதிர்ந்தன. அண்ணி வெறும் வெள்ளை நைட்டியில் நின்றாள்.

"கூடத்துல வைங்கப்பா. அண்ணன் நாற்காலி இருக்கற இடத்துல" என்றாள் தங்கை.

அண்ணன் இப்போது மெஷின்மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்; துணி அலசும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் ஆடுகிறது. காலையில் பால்கனியில் ஆளுக்கொரு பக்கம் நின்று அண்ணியும் தங்கையும் மோவாயை இடித்துக்கொள்கிறார்கள். மேல்வீட்டுக்காரி படியில் நின்று, "ரெண்டு பேர்ல இன்னைக்கு யாரு ஃப்ரீ?" என்று கேட்பாள். யாருக்கு வசதியோ அவர் போய் ரோஜாவைப் பார்த்துவிட்டு வருகிறார். உதிர்ந்த பட்டாம்பூச்சிகளைத் தங்கை கூட்டி அள்ளிப் புதினாவுக்கு எருவாகப் போட்டாள். நல்ல எரு.