கயிறு பிடிக்க மச்சான் இல்லாதவர்

கொரோனாவுக்கு அடுத்த வருடம், ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, மலைமேல் இருக்கிற திருப்புலி நாட்டுக்குக் கடல் வந்தது. அன்று சோளக்காடு ஊருக்கு முதல் பஸ் அரை மணி தாமதம். மற்றபடி வேறு விசேஷம் இல்லை. பள்ளத்தாக்கில் வழக்கமாக நிறைகிற பனிமூட்டம்தான். தேன்பாறையின் விளிம்பு வரை ஏறி நின்றபோது அது உப்புக் கரித்தது, அலையும் அடித்தது. மரவள்ளிக் காட்டுக்குப் போன பெண்கள் காலை நனைத்துப் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுற்றுவழியில் போனார்கள். ஒன்பது மணி வெயிலுக்குக் கடல் கலைந்தது. பலா மரக் கிளைகளில் நாலைந்து நண்டுகள் மிச்சம் இருந்தன. மறுநாளும் வந்தது. மார்கழி பிறக்கும்வரை வந்துகொண்டே இருந்தது.

அதை வைத்து என்ன செய்வதென்று தெரிந்தவர் ஒருவர்தான். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்த ஆரோக்கியராஜ் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், மூழ்கிச் சங்கெடுத்தவரின் மகன், கல்யாணம் ஆகாதவர். ஊரிலிருந்து, மூழ்கும்போது மாட்டிக்கொள்கிற முகக்கண்ணாடிகள் வரவழைத்தார். குடைக்கம்பியைத் தீட்டி மூங்கிலில் செருகி, சைக்கிள் டியூப் ரப்பரில் இழுத்து விடுகிற ஈட்டி செய்தார். மலைத்தேன் எடுக்கும் பொன்னுசாமியும், சேந்தமங்கலத்தில் டயர் கடை வைத்திருந்த முபஷிரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். களவா மீனைப் பக்கவாட்டில் வந்து குத்த வேண்டும் என்றும், சிங்கி இறாலைக் குத்தவே கூடாது, குச்சியால் பின்புறம் தொட்டு அது முன்னால் வரும்போது முதுகோடு பிடிக்க வேண்டும் என்றும், வயிற்றில் முட்டை இருந்தால் அதே பொந்தில் விட்டுவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். முன்பு தேனடை தொங்கிய பாறைப் பொந்துகளில்தான் சிங்கிகள் மீசையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதனால் பொன்னுசாமிக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு, கண்ணுகளா. கடல் கலையும்போது உள்ளே இருப்பவன், இருநூறு அடி பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் இருப்பான். ஆகவே இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். தேனுக்குப் பாறை இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தன் உடன்பிறந்தவளின் தாலிக்காக அவன் கை தளராது. பொன்னுசாமியின் கயிற்றை மச்சான் சின்னுசாமி பிடித்தான். முபஷிரின் மனைவி ஹுமாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் நான்கு பேர். நால்வரும் இரண்டு பைக்கில் மலையேறி வந்து, கயிறு எனக்கு உனக்கு என்று சண்டை போட்டார்கள். இப்படி இழுத்தால் என்னைக் கடலில் அல்ல, கரையிலேயே கொன்றுவிடுவீர்கள் என்று முபஷிர் சொல்வாராம்.

ஆரோக்கியராஜுக்குத்தான் ஆளில்லை. நீங்களே பிடியுங்களேன் என்று அவர் பொன்னுசாமியைக் கேட்டார்.

"நான் உங்களுக்கு என்ன வேணும்ங்க சார்? தங்கச்சியக் குடுத்திருக்கறனா?" என்றான் பொன்னுசாமி. "எம்பட கை பட்டா உங்களுக்கு ஆகாதுங்க."

மனமில்லாமல் சொன்னதல்ல. அவனுடைய அப்பனுக்கு ஒரு தடவை சிநேகிதன் கயிறு பிடித்தான். முறுக்குக் கலையாத புதுக் கயிறு, நடுவில் அறுந்தது. ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டுக் கயிறில்லாமலே குதித்தார். இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

மூன்றாம் வருடம் கார்த்திகையில் ஒருநாள் காலை ஏழரைக்கே மேல்காற்று வந்துவிட்டது. கால்மணி நேரத்தில் கடல் வடிந்தது. முபஷிர் அதற்குள் கரையேறியிருந்தார். பொன்னுசாமியைக் கடைசி முப்பதடி வெறும் காற்றில் தொங்கத் தொங்கச் சின்னுசாமி இழுத்துப் போட்டான்; இரண்டு கையிலும் இரண்டு சிங்கிகள், விடவில்லை. கீழே பார்த்தால் மர உச்சிகளும், இலைமேல் துள்ளும் மீன்களும். ஆரோக்கியராஜ் இல்லை. நான்கு நாள் ஆற்றங்கரை வரை தேடினார்கள். விழுந்த தடயமும் இல்லை, உடலும் இல்லை. கடல் போன இடத்துக்கு அவரும் போய்விட்டார் என்று எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவருடைய தாயார் ஸ்டெல்லா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். அழவில்லை. பாறை விளிம்பில் நின்று, "கயித்த யாரு பிடிச்சிருந்தீய?" என்று கேட்டார்.

"யாருமில்லீங்க," என்றான் பொன்னுசாமி. "அவருக்கு மச்சான் இல்லீங்க."

அந்த அம்மாள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அந்த வருடம் முழுக்க அவன் தேனுக்குப் போகவில்லை. வீடு, தோட்டம் என்று ஒடுங்கிவிட்டான். வாயில் எது வைத்தாலும் உப்பு என்று தள்ளினான். மீண்டும் ஐப்பசி வந்து, தேன்பாறையில் அலைச் சத்தம் கேட்ட அன்று, அவனுடைய பெண்டாட்டி சின்னக்கண்ணு மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே, "உங்களுக்குத் தங்கச்சி இல்லீன்னு யாரு சொன்னாங்க? ஒண்ணு இருந்துச்சல்ல?" என்றாள்.

இருந்தது. பெயர் சாமியாத்தாள். மூன்று வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. மரவள்ளிக் காட்டு ஓரம் ஒரு கல்லின் கீழ் இருந்தாள்.

பொன்னுசாமி அன்று மதியமே சோளக்காடு வரை நடந்தான், அங்கேதான் போன் எடுக்கும். தங்கச்சியை உங்கள் பையனுக்குக் குடுக்கலாமென்று இருக்கிறேன், சம்மதமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டான். பிள்ளை இருக்கும் இடத்தையும் மறைக்காமல் சொன்னான்.

"பிள்ளைக்கு வயசென்ன?"

"போனப்ப மூணுங்க. இருந்திருந்தா இருபத்தெட்டுங்க."

"அவனுக்கு முப்பத்தொண்ணு," என்றார் ஸ்டெல்லா. "பொருத்தம் சரியாத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவர் சிலுவை கோத்த தாலியோடு வந்தார். சர்ச் பங்குச்சாமியாரிடம் கேட்டதாக அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாப்பிள்ளையின் இடத்தில் அவருடைய முகக்கண்ணாடிகளில் ஒன்றை வைத்து, கல்லுக்குத் தாலி கட்டினார்கள். திங்கட்கிழமை விடியக்காலம் பொன்னுசாமி பாறையில் காலூன்றிக் கயிற்றைக் கடலுக்குள் விட்டான். மூன்று நாள் பாசி வந்தது. நான்காம் நாள் கயிறு கனத்தது.

பயப்படாமல் கேளுங்கள் கண்ணுகளா, அன்று அங்கே யாரும் பயப்படவில்லை. சின்னுசாமியும், முபஷிரும், அவருடைய நான்கு மச்சான்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கை அதில் படக்கூடாது. மேலே வெயில் வெளுத்து வந்தது. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போக, பொன்னுசாமி ஒருவனாகவே இழுத்தான். விளிம்பில் ஒரு தலை தெரிந்தது.

"மெதுவா ஏறி வாங்க மாப்ள," என்றான்.

ஆரோக்கியராஜ் இளைத்திருந்தார், தாடி முளைத்திருந்தது. இது என்ன மாசம் என்று கேட்டார். மருந்தகத்தில் அந்தப் பதினோரு மாதத்தைச் சம்பளமில்லா விடுப்பாக்கினார்கள். கீழே எல்லாத் திசையும் ஒரே நீலமாக இருந்ததென்றும், கயிறு இறங்கியிருக்கும் இடத்தை ஒரு பெண் கையைப் பிடித்துக் காட்டினாள் என்றும் சொன்னார். கல்யாணம் ஆனதை ஸ்டெல்லா சொன்னபோது, தெரியும் என்றார்.

பிறகு மாற்றல் உத்தரவு இரண்டு முறை வந்தது, அவர் போகவில்லை. மரவள்ளிக் காட்டு ஓரம் வீடு எடுத்துக்கொண்டார். ஆடிக்கு ஆடி பொன்னுசாமி சீர் கொண்டுவந்து வைக்கிறான். ஸ்டெல்லா மருமகளுக்கென்று நீலச் சேலை ஒன்று எடுத்துவந்து கல்லின்மேல் மடித்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அது துவைத்துப் பிழிந்து, மிளகு படர்ந்த மரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இப்போது அநேகமாகத் தினமும் காய்கிறது. மழை வருகிற மாதிரி இருந்தால், ஆரோக்கியராஜ் வேலைக்குப் புறப்படுமுன் அதை எடுத்து உள்ளே போட்டுவிட்டுப் போவார்.