முதல் பாட்டு முடியும் வரை

மோனிக்கா அறையில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பைகளில் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டியை ஏற்றிப்போக வண்டி வருவதற்குள் வாசலில் நிற்கும் அப்பாவின் காரை நகர்த்தியாக வேண்டும்.

அம்மா அக்னஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“மார்வினக் கூப்புட்டுரவா மோனி? எல்லாரும் நம்ம வாயத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

பெம்பான் ஊர் ஜெபக்குழுவில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. குழுத் தலைவர் இறந்தால், பெட்டியின் தலைமாட்டில் நின்று ஜெபம் நடத்த வீட்டார் யாரை அழைக்கிறார்களோ, அவர்தான் அடுத்த தலைவர். மோனிக்காவின் அப்பா கிளீட்டஸும் அப்படி வந்தவர்தான். இப்போது அவரே பெட்டிக்குள் படுத்திருந்தார்.

“அப்பா யாரையும் சொல்லலையாம்மா?”

“உங்கப்பா எதத்தான் சொன்னாரு? நேத்து டீ கேட்டாரு. கலக்கிக் கொண்டாரதுக்குள்ள போய்ட்டாரு.” அக்னஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “மார்வின் எங்கண்ணன் மகன். கித்தார் வாசிப்பான், நல்லாப் பாடுவான். வேற யாரு இருக்கா லா?”

தவறான ஆளை அழைத்துவிட்டால்? அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய குழு. சாவி கையில் தட்டுப்பட்டது.

“கொஞ்சம் இரும்மா. காடிய நகத்திட்டு வந்துர்றேன்.”

இழவுக்குப் போட்டிருந்த கூடாரத்தைத் தாண்டி, ரம்புத்தான் மரத்தடியில் காரை நிறுத்தினாள். இருக்கை அப்பாவின் உடம்புக்கேற்ப அமுங்கிக் கிடந்தது. உடனே இறங்க மனம் வரவில்லை.

ஒரு வருடமாக அப்பா இப்படித்தான் செய்துகொண்டிருந்தார். வெள்ளிதோறும் ஜெபம் நடக்கும் வீட்டுக்கு முன் காரை நிறுத்துவார். ஆனால், முதல் பாட்டு முடியும்வரை இறங்க மாட்டார். “தலைவருக்கு வயசாயிருச்சி, காடியிலயே தூங்கிட்டாரு” என்று உள்ளே சிரிப்பார்கள். மோனிக்காவுக்கு மானம் போகும். ஓடிவந்து கண்ணாடியைத் தட்டுவாள். அவர் தூங்கியிருக்க மாட்டார். கண்ணாடியைப் பாதி இறக்கி, மோவாயைத் தூக்கி உட்கார்ந்திருப்பார்.

“இரும்மா. கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என்னத்தப்பா?”

பதிலுக்கு உதட்டில் விரலை வைப்பார். ஆயுள் முழுக்கப் பாடிய பாட்டில், வெளியிலிருந்து கேட்க அப்படி என்ன இருக்கிறது? ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

மோனிக்கா கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

கூடாரத்துணி வீட்டை மறைத்திருந்தது. ஒரு முகமும் தெரியவில்லை. யாரும் அழைக்காமலே மார்வின் பாட்டை ஆரம்பித்திருந்தான். அழகான குரல், உச்சத்தில் எடுத்திருந்தான். இரண்டாம் அடியில் நாலைந்து பேர் சேரப் பார்த்து, எட்டாமல் விட்டுவிட்டார்கள். அதன்பின் அவன் குரல் மட்டும்தான். யாரோ தேநீர்க் குவளைகளை அடுக்கும் சத்தம்கூடக் கேட்டது. நடுவில் அவன் குரல் உடைந்தது. “மாமா...” என்று விசும்பினான். பாட்டு நின்றுபோனது.

“அழு தம்பி, ஒன்னுமில்ல.” அது புனிதாக்கா, இரண்டு வீடு தள்ளி இருப்பவள். “குஞ்சம்மாக்கா, நீங்க எடுங்க. ஒங்களுக்குத் தோதா எடுங்க.”

மோனிக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குஞ்சம்மாவா? பீடத் திரைச்சீலைக்கு நீலமா வெள்ளையா என்று சண்டை போட்டுக்கொண்டு, அன்றிலிருந்து ஜெபத்தில் வாயே திறக்காதவளாயிற்றே.

“என் தொண்டை கழுதத் தொண்டடி.”

“பரவால்லக்கா. அங்கிளு உங்க கழுதத் தொண்டையத்தான் தேடிக்கிட்டு இருந்தாரு.”

ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அதே பாட்டு, கரகரப்பாக, தாழ்வாகத் தொடங்கியது. புனிதா கூடவே போனாள். கூடாரத்தில் நின்ற ஆண்கள் சேர்ந்தார்கள். உம்பாய் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் சேர்ந்தார்கள். கொஞ்சம் பொறுத்து, மார்வினும் அந்தத் தாழ்ந்த சுருதிக்கு இறங்கிவந்து சேர்ந்துகொண்டான். மோனிக்கா அந்தக் கூட்டத்துக்குள் புனிதாவின் குரலைத் தேடிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை; எல்லாரையும் பாட வைத்துவிட்டு அவள் அதற்குள் கரைந்துபோயிருந்தாள்.

“மோனி! இங்க உக்காந்து என்னா பண்ற?” அக்னஸ் மூச்சு வாங்க வந்தாள். “யாருன்னு சொல்லு, போய்க் கூப்புடறேன்.”

“இரும்மா. கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

அக்னஸ் அப்படியே நின்றாள். பிறகு காரைச் சுற்றிவந்து மறுபக்கம் ஏறி, இருக்கையில் கிடந்த அவருடைய தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. மோனிக்கா அம்மாவின் குறுக்கே சாய்ந்து, கதவை அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.