வெட்டாமல் விட்ட ஜெபம்

1

ஐசாக் அண்ணையைக் காட்டிக்கொடுக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘முப்பது வருடமாக அரசியல் ஆவணப்படம் எடுக்கும் ஐசாக், கமெராவைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போர்க்காலத்தில் கிளாலிக் கடலைக் கடந்தவர், இரண்டு தடவை சிறையில் இருந்தவர், ஒருபோதும்…’

வெட்டிவிட்டேன். இரண்டு தடவையும் எப்படி வெளியே வந்தார்? யார் விட்டது?

2

அவருடைய கடைசிப் படத்துக்குப் பின்னணி உரை எழுதியவள் நான். அதில் பொன்மலர் அக்கா, தன் மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிச் சொல்கிறார். (ஊர் சண்டிலிப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பேரும் மாற்றியாயிற்று.) முகத்தை இருட்டாக்கி, குரலையும் மாற்றியிருந்தோம். நெல்லியடியில் படம் காட்டி ஒன்பதாம் நாள், சிவில் உடுப்பில் இரண்டு பேர் அவருடைய வாசல் படலையில் நின்றார்கள்.

“படம் பார்த்தனாங்கள், அம்மா. நல்லாய்க் கதைச்சிருக்கிறியள்.”

முகம் தெரியாத ஆளை எப்படிப் பிடித்தார்கள்? முகம் தெரிகிற மூலப்பிரதி ஐசாக் அண்ணையிடம் மட்டும்தான் இருந்தது.

3

கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“தங்கச்சி, படத்தைத் திரும்ப ஒருக்காப் பாரும். பதினேழாவது நிமிசம்.”

(இங்கே ஒரு பந்தி இருந்தது. அவரை மோசமாக வர்ணித்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

பார்த்தேன். பொன்மலர் அக்கா மிஷன் பள்ளியில் படித்தவர்; ஜெபம் பண்ணாமல் எதையும் தொடங்கமாட்டார். ஆட்களைப் பேர் சொல்லித்தான் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்பார். “பக்கத்து வீட்டுக் கமலாவதியின்ரை முழங்காலையும், பின்வளவு றமேஸின்ரை புகையிலைத் தோட்டத்தையும் ஆசீர்வதியும் கர்த்தாவே…”

கமலாவதிக்கும் றமேஸுக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு வீடு.

“உந்த ஜெபத்தை வெட்டுவம்” என்று அண்ணை அப்போதே சொன்னவர். “வேண்டாம் அண்ணை, படத்தின்ரை உயிரே உதுதான்” என்று அழுதுகொண்டு மறித்தது நான். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

4

பொன்மலர் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது போய் இருக்கச் சொன்னேன்.

“மகன் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே பிள்ளை வருவான்? வேறை வீடு அவனுக்குத் தெரியாது” என்றார் அக்கா.

5

முடிவு அ: அவர் அந்த வீட்டிலேயே…

முடிவு ஆ: அடுத்த கிழமை ஒரு ஓட்டோவில்…

இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டேன். எதை முடித்தாலும் அவர் இருக்குமிடத்தை நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். படம் பார்த்தவர்கள் கதையும் வாசிப்பார்கள். உங்களை எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒருவரிடமும் சொல்லாதீர்கள்.