கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் படம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன் கண்ணுகளா, நான் இந்தக் கதையைத் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு அறுவை சிகிச்சை. அவள் தம்பி ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தான். அவனுடைய பையையும் குடையையும் காவல் காத்துக்கொண்டு ரத்த வங்கியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண், ஒரு கணினி. திரை என் பக்கம் பாதி திரும்பியிருந்தது.

நம் வீட்டுக் கணினிகளைப் பார்த்திருப்பீர்கள். திரையின் அடியில் ஓடும் டாஸ்க்பாரின் வலது மூலையில், கடிகாரத்தை ஒட்டி, பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் போல ஐகான்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவள் திரையில் அந்த மூலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. கடிகாரம். பக்கத்தில் பச்சையாக ஒரே ஒரு குட்டி வெப்பமானிப் படம். வேறு எதுவும் இல்லை.

கிளம்பும்போது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன், மற்றதெல்லாம் எங்கே என்று. அவள் என் உதடுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லாத்தையும் உள்ள அனுப்பிட்டேன். இது மட்டும் என் கண்ணுல இருந்தா போதும்."

இவ்வளவுதான் மூலக் கதை. மீதியைப் பிறகு போய்க் கேட்டு வாங்கினேன். கொஞ்சம் நானும் சேர்த்தேன். எழுத எழுத அவளிடம் காட்டினேன். அவள் வெட்ட வெட்ட இந்த அளவுக்கு வந்திருக்கிறது.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு.

முதல் முயற்சி: "விஞ்ஞானம் விண்ணை எட்டிவிட்ட இக்காலத்தில், மனித வாழ்க்கையானது—"

வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: "ஆழ்கடலின் அடியைப் போல நிசப்தமாக இருந்தது அவளுடைய உலகம். அந்த நிசப்தத்தின் நடுவே—"

இதை எழுதிவிட்டு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அவள் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, நடுவில் கோடு இழுத்தாள்.

"நிசப்தமா? இருபத்துநாலு மணி நேரமும் காதுக்குள்ள மிக்ஸி ஓடுதுங்க. நீங்க ஆழ்கடல்னு எழுதினா படிக்கிறவங்க பொறாமைப்படுவாங்க."

ஆகவே மூன்றாவது தொடக்கம். அலங்காரம் கிடையாது.

3

அவளுடைய முப்பத்தேழாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சும் காதுக்குள் ஓயாத ஓர் இரைச்சலும் மட்டும் மிச்சம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்கப்புறமும் வேலையை விடவில்லை. வந்து சேரும் ஒவ்வொரு ரத்தப் பையின் எண், வகை, தேதி எல்லாம் அவள் கையால்தான் கணினிக்குள் ஏறும். பென்சிலைக்கூட நீளவாரியாக அடுக்கி வைப்பாள் என்பதால் அங்கே அவளுக்கு 'வரிசையக்கா' என்று பெயர்.

பின்னறையில் நான்கு குளிர்பெட்டிகள். ரத்தம் இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, ஆறுக்கு மேலேயும் ஏறக்கூடாது. ஏறினால் இரண்டு எச்சரிக்கைகள். சுவரில் இருக்கும் மணி அலறும். வரிசையக்காவின் கணினியில் வெப்பமானிப் படம் பச்சையிலிருந்து மஞ்சளாகும், இன்னும் ஏறினால் சிவப்பாகும். ஆனால் அந்தப் படம் யார் கண்ணிலும் படாது. மூலையில் சின்னதாக மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்குமே, அதை அழுத்தினால் திறக்கும் பெட்டிக்குள் பத்தோடு பதினொன்றாக அது கிடந்தது. வெளியே நின்றவை பிரிண்டர், வைரஸ் காவலன், யாரோ போட்டுவைத்த பாட்டுப்பெட்டி, வானிலை, சிவப்பு எண்ணோடு ஓர் அரட்டைச் செயலி.

ஒரு செவ்வாய்க்கிழமை, பொறுப்பு மருத்துவர் ஒரு காகிதத்தை அவள் மேஜையில் வைத்தார். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வுக்குழு வரப்போகிறது, இந்த இருக்கையில் இருப்பவருக்கு எச்சரிக்கை மணி கேட்டாக வேண்டும் என்பது விதி. வரும் திங்கள் முதல் வரிசையக்காவுக்கு அடித்தளத்துப் பழைய பதிவறை.

[இந்த இடத்தில் டாக்டரம்மாவுக்கு "வெட்டுக்கத்தி போன்ற குரல்" கொடுத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. கதை வரிசையக்காவின் தோளில் உட்கார்ந்துகொண்டு போகிறது. அவளுக்குக் கேட்காத குரல் எனக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? எல்லாக் குரல்களையும் எடுத்துவிட்டேன். பதினொரு இடம். டாக்டரம்மா அதிலேயே பாதி நல்லவராகிவிட்டார்.]

அடித்தளத்தில் ஜன்னல் இல்லை, ஆளும் இல்லை. பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முகம்கூட இல்லாத அறை. அவள் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

4

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அந்த வீட்டில் ஒரு சட்டம்: வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு யாரும் பேசக்கூடாது. மரியாதைக்காக இல்லை, மென்றுகொண்டே பேசினால் அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அன்று சாயங்காலம் அவர் காகிதத்தைப் படித்துவிட்டு அவசரமாக ஏதோ சொன்னார்.

"முழுங்கிட்டுப் பேசுங்க."

முழுங்கினார். தண்ணீர் குடித்தார். அப்புறம் கேட்டார், அந்த வெப்பமானிப் படம் கணினியில் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று. அதைப் பார்க்க முடியாது, கூட்டத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றாள் இவள்.

"என் வண்டியில ஸ்டியரிங்குக்குப் பின்னால இருபது லைட்டு இருக்கு. இருபதும் எரிஞ்சுக்கிட்டே இருந்தா நான் எதைன்னு பார்ப்பேன்? எல்லாம் அணைஞ்சு கிடக்கிறதாலதான், ஒண்ணு எரிஞ்சா வண்டியை ஓரங்கட்டறேன்."

"பெரிய விஞ்ஞானி."

"டிரைவர்னு சொல்லு. அது போதும்."

(அவள் குறிப்பு, ஓரத்தில் பென்சிலால்: 'இதை வெட்டாதீங்க. அவருக்குக் காட்டணும்.')

மறுநாள் காலையில் டாஸ்க்பாரின் மேல் மௌஸின் வலது பொத்தானை அழுத்தினாள். செட்டிங்ஸுக்குள் போனாள். எந்த ஐகான் மூலையில் தெரிய வேண்டும், எது உள்ளே போக வேண்டும் என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சுவிட்ச். இத்தனை வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் கதவைத் தட்டவில்லை.

பிரிண்டரை அணைத்தாள். வைரஸ் காவலனை அணைத்தாள். வானிலையை அணைத்தபோது நர்ஸ் வந்து நின்றுகொண்டாள், சாயங்காலம் மழை வருமா என்று இனிமேல் எப்படித் தெரிந்துகொள்வதாம்.

"ஜன்னல் இருக்கு பாரும்மா. அதை எவனும் ஒளிச்சு வைக்கலை."

பாட்டுப்பெட்டியும் அரட்டைச் செயலியும் டெக்னீஷியனுடையவை. நாற்பது வயது, பெரிய மீசை, காது கேட்காதவளின் கணினியில் பாட்டு போட்டுக்கொள்வதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. தன் சொத்தைப் பறித்தாற்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எதுவும் அழியவில்லை, அம்பை அழுத்தினால் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று அவருக்குக் காட்டினாள். கடைசியாக வெப்பமானிக்கு எதிரே இருந்த சுவிட்சைப் போட்டாள்.

வந்து நின்றது. பச்சையாக, தனியாக.

5

இந்த டெக்னீஷியனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் சௌகரியம் என்று அவர் மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டேன். "அவன் கண்களில் ஒரு குரூரமான—" என்பது வரை எழுதினேன். வரிசையக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்த மூன்று மாதமும் அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்தவர் அவர்தானாம். போகட்டும். மீசையை அவிழ்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. அவளுக்கு அந்த இருக்கையில் கடைசி நாள்.

காலையில் வந்து பார்த்தால் மூலையில் பச்சைப் படம் இல்லை. அந்தச் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புதுப்பித்த கையோடு படம் பழையபடி அம்புக்குப் பின்னால் போய்விட்டது. அவள் இடத்தில் நானாக இருந்தால், கடைசி நாள்தானே, யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன். அவள் மறுபடி செட்டிங்ஸுக்குள் போய், மறுபடி சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் பையையே மேஜையில் வைத்தாள்.

மதியம் இரண்டேகால். நூற்று நாற்பத்திரண்டாவது பையின் எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தாள். கண்ணின் ஓரத்தில் என்னவோ நிறம் மாறியது.

மஞ்சள்.

எழுந்து பின்னறைக்கு நடந்தாள். ஓடவில்லை. (நான் ஓடவிட்டிருந்தேன். 'அங்க ஓடினா வழுக்கும்' என்று வெட்டிவிட்டாள்.) டெக்னீஷியன் வாசலிலேயே மறித்தார். அவருடைய உதட்டில் தெளிவாகத் தெரிந்தது: ஏதாவது என்றால் மணி அடித்திருக்குமே அக்கா.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்றாவது பெட்டியின் கதவு மூடினாற்போலத்தான் இருந்தது. கீழே, கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில், ஒரு ரப்பர் கையுறையின் இரண்டு விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. பெட்டியின் முகப்பில் ஆறு புள்ளி எட்டு.

இழுத்து எடுத்தாள். கதவை இடுப்பால் தள்ளினாள். இந்தத் தடவை கதவு சரியாகக் கவ்விய அதிர்வு இடுப்பில் தெரிந்தது. உள்ளே அறுபது பைகள். அரை மணி நேரம் போயிருந்தால் அறுபதும் குப்பைக்கு.

6

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். கையுறையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"மணி ஏன் அடிக்கலை?"

டெக்னீஷியன் தன் செருப்பைப் பார்த்தார். நர்ஸ் அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

வரிசையக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மணியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளங்கைக்குள் மணி அதிர்ந்தது.

"இது அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு டாக்டர்."

ஏசி இரைச்சலில் அங்கே யாருக்கும் அது எட்டவில்லை. நகத்தால் நெம்பினாள். ஒரு பிளாஸ்திரி. அதற்கடியில் பஞ்சு. அதற்கடியில் இன்னொரு பிளாஸ்திரி, இன்னும் கொஞ்சம் பஞ்சு. பை எடுக்கக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது கத்துகிறதே என்று, காது வலித்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அல்லவா, காயத்துக்குப் போடுகிற கட்டை மணிக்கும் போட்டுவிட்டார்கள். எட்டு மாதம். காது கேட்கிற ஏழு பேர் எட்டு மாதமாக ஒரு தடவைகூட அந்த மணியைக் கேட்கவில்லை. ஆனால் மணி கேட்காது என்று மாற்றப்பட்டவள் இவள் ஒருத்திதான்.

கடைசிப் பஞ்சு கையோடு வந்தது.

டாக்டரம்மா, டெக்னீஷியன், நர்ஸ், வாசலில் எட்டிப் பார்த்த காவலாளி, எல்லோரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். அவள் மட்டும் ஸ்டூலின் மேல் நிமிர்ந்து நின்றாள், கையில் பஞ்சோடு. அறையிலேயே உயரமானவள் அப்போது அவள்தான்.

7

முடிவுகள். என்னிடம் மூன்று இருந்தன.

(அ) எல்லோரும் கைதட்டுகிறார்கள். வரிசையக்கா சொன்னாள்: "எல்லார் கையும் காதுல இருந்துச்சு. தட்டறதுக்குக் கை எங்க இருக்கு?" போயிற்று.

(ஆ) அதே நேரத்தில் மேல்மாடியில் ஒரு பிரசவம், அந்த மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு பை மேலே பறக்கிறது, குழந்தை அழுகிறது. இதை நான் கண்ணீர் விட்டு எழுதினேன். அன்றைக்கு யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்றாள். "அறுபது பை கெடலைங்க. அது பத்தாதா உங்களுக்கு?" பத்தும் அம்மா, பத்தும்.

(இ) நடந்தது. மணி ஓய்ந்தபின் டெக்னீஷியன் தானாகவே வாயைத் திறந்து, ஒட்டியது நான்தான் என்றார். டாக்டரம்மா வரிசையக்காவின் மேஜையிலிருந்த செவ்வாய்க்கிழமைக் காகிதத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். வரிசையக்கா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அவள் எதிரே வந்து நின்று சொன்னார்:

"நீங்க எங்கயும் போக வேண்டாம்."

முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "புரியலை டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"அந்த மாதிரி ஒரு வார்த்தையை ஒரு தடவை பார்த்தா போதுமாங்க?"

இரண்டாம் தடவை டாக்டரம்மா அதையே சொன்னாரா, மன்னிப்பையும் சேர்த்துச் சொன்னாரா, என் கணினியிலும் இப்படி ஒன்று வைத்துக் கொடுங்கள் என்றாரா? வரிசையக்கா சொல்ல மறுத்துவிட்டாள். அது தனக்கு மட்டுமாம். ஆகவே அந்த ஒரு வரி என்னிடம் இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் கண்ணுகளா, மனதுக்குப் பிடித்தபடி தாராளமாக எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். அவள் மூன்றாம் தடவையும் "புரியலை டாக்டர்" என்று சொல்லக்கூடியவள்தான்.